மின்னல் கொல்லாத மின்குமிழ்

ஏழாவதும் எரியவில்லை.

இளங்கோ மீட்டரின் இரண்டு முனைகளையும் எட்டாவது கட்டத்தில் வைத்தான். அதுவும் எரியவில்லை. ஒன்பதாவதில் வைப்பதற்கு முன் உள்ளங்கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டான். வியர்வை அவனுடையது, ஆனால் அந்த அறைக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்த டிலானியின் முகத்தை நினைத்துத்தான் வியர்த்தது.

ஒன்பதாவதும் எரியவில்லை.

"கூண்டோட கைலாசம் மேடம்" என்றான், எதிரே இருந்த றஞ்சனாவிடம். அவனுக்கே அந்த நக்கல் பிடிக்கவில்லை.

பொலிஸ் நிலையத்தின் பின்னறை மேசையில் ஒரு வீட்டு மின்குமிழ் பிரித்துப் போடப்பட்டிருந்தது. வெள்ளை மூடி ஒருபக்கம், கழுத்து ஒருபக்கம், நடுவே வட்டமான அலுமினியத் தட்டு. தட்டில் பத்து இடங்கள். ஓர் இடத்தில் ஏதோ கம்பி ஒட்டியிருந்தது. மற்ற ஒன்பது இடங்களிலும் பருப்பு அளவு மஞ்சள் கட்டங்கள், ஒவ்வொன்றும் ஒரு எல்.ஈ.டி. இந்த ஒன்பதுக்குள்தான் லெட்சுமணன் என்ற மனுசனின் மிச்ச வாழ்க்கை இருந்தது.

விஷயம் இதுதான். கண்டிக்குப் பக்கத்து அம்பிட்டியவில் மேட்டு வீடொன்றின் படிக்கட்டடியில், ஓய்வுபெற்ற நில அளவையாளர் சோதிலிங்கம் கழுத்து முறிந்து கிடந்தார். அன்று பின்னேரம் இடி மழை. படிக்கட்டு விளக்கு எரியவில்லை. இருட்டில் தவறி விழுந்தார் என்று சடங்கு முடித்து எல்லோரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஆனால் வீட்டையும் தோட்டத்தையும் பார்த்துக்கொண்ட லெட்சுமணன் வாயைத் திறந்துவிட்டார். மழை விட்ட பிறகு படிக்கட்டில் விளக்கு எரிந்ததைத் தோட்டத்திலிருந்து கண்டேன், யாரோ ஒருவரின் நிழல் இறங்கியது, பிறகுதான் இருட்டானது என்றார்.

பக்கத்து வீட்டுக்காரர் தர்சன் மின்பொறியியலாளர். பொலிஸ் கேட்டதும் மறுக்காமல் வந்து, மின்குமிழைப் பிரித்து, எல்லோர் முன்னாலும் மீட்டர் வைத்துக் காட்டினார். எல்லா எல்.ஈ.டியும் செத்துவிட்டன, முதல் இடியிலேயே போயிருக்கும் என்று வாக்குமூலம் கொடுத்தார். மழையிலேயே செத்த விளக்கு மழை விட்ட பிறகு எப்படி எரியும்? ஆக லெட்சுமணன் பொய்யர். பொய் சொல்கிறவனுக்கு மறைக்க ஏதோ இருக்க வேண்டும். அவ்வளவுதான், ஆளை உள்ளே தள்ளிவிட்டார்கள். வெளியே வாங்கில் இருந்த டிலானி அவருடைய மகள்.

"முடிஞ்சா?" என்று கதவடியில் நின்ற இன்ஸ்பெக்டர் அஹ்னாப் கேட்டார். கெட்டவர் இல்லை, களைத்தவர். "நாளைக்குக் காலைல நீதவான்கிட்ட கொலைண்டு அறிக்கை போகுது. அதுக்குப் பொறகு பிணை கேக்கிறதுண்டாலும் மேல் நீதிமன்றத்துக்குத்தான் போகணும். எனக்கு அந்தாளப் பார்த்தா பாவமாத்தான் ஈக்கிது. ஆனா பல்ப்பு பேசுதே."

றஞ்சனா பூதக்கண்ணாடியை எடுத்தார். காப்புறுதிக் கம்பனிக்காக இடி விழுந்த வீடுகளையெல்லாம் ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு, இப்போது சொந்தமாகத் துப்பறியும் தொழில் செய்கிற யாழ்ப்பாணத்துப் பெண்மணி. வாய் குறைவு. அந்தக் குறையை நிரப்பத்தான் இளங்கோவைச் சம்பளத்துக்கு வைத்திருக்கிறார் என்று கண்டியில் ஒரு பேச்சு உண்டு.

அவர் பூதக்கண்ணாடியைத் தட்டின் மேல் பிடித்திருந்தார்.

"இளங்கோ, இடி விழுந்த வீட்டுக்கு எத்தினை தரம் என்னோட வந்திருக்கிறீர்?"

"வேணாங்கிற அளவுக்கு வந்திருக்கேன் மேடம்."

"அங்க சாமானெல்லாம் எப்பிடி இருக்கும்?"

"கருகி, வெடிச்சு, நாத்தம் புடிச்சு."

"இஞ்ச ஒன்பது பிணம் கிடக்கு. ஒண்டில மட்டும் ஒரு கறுப்புப் புள்ளி. மற்ற எட்டிலயும் ஒரு காயம் இல்லை. மின்னல் இவ்வளவு மரியாதையாக் கொல்லுமோ?"

இன்ஸ்பெக்டர் ஓரடி உள்ளே வந்தார்.

"மீட்டரைக் கழட்டும்" என்றார் றஞ்சனா.

"பல்ப்பு செத்தது போதாதா மேடம், மீட்டரையும் கொல்லணுமா?"

"பின்பக்கத்தைக் கழட்டும். உள்ளுக்குள்ள சதுர பற்றறி ஒண்டு இருக்கும். அதை எடும்."

இளங்கோ கழற்றினான். ஒன்பது வோல்ட் பற்றறி வந்தது. றஞ்சனா இரண்டு துண்டு வயரை அதில் பிடித்து, முதல் கட்டத்தின் இரு ஓரத்திலும் தொட்டார்.

எரிந்தது. மங்கலாகத்தான், ஆனால் சந்தேகமில்லாமல் எரிந்தது. கட்டத்துக்குள்ளே மூன்று சின்னஞ்சிறு வெளிச்சங்கள் வரிசையாக நின்றன.

"ஒண்டுக்குள்ள மூண்டு" என்றார் றஞ்சனா. "மீட்டரின்ரை முனைக்கு ஒண்டைத் தள்ளத்தான் பலம். மூண்டையும் தள்ள ஏலாது. அதால எல்லாம் செத்த மாதிரித் தெரியுது."

எட்டும் எரிந்தன. கறுப்புப் புள்ளி விழுந்தது மட்டும் இருட்டாகவே இருந்தது.

"ஒண்ணு போனா மொத்தமும் அவிஞ்சிரும், எல்லாம் ஒரே வரிசைதானே" என்றான் இளங்கோ. "அப்ப இது மின்னல்ல போகல. வயசாகிப் போன பல்ப்பு."

"வயசு மட்டுமில்லை. இந்தக் கம்பியைப் பாரும்."

பத்தாவது இடம். அங்கே இருந்த எல்.ஈ.டி எப்போதோ பெயர்க்கப்பட்டு, தலைமுடி மாதிரி ஒற்றைச் செப்பு இழை இரண்டு முறை முறுக்கி ஈயத்தால் பற்றவைக்கப்பட்டிருந்தது. செத்த ஒன்றைத் தாண்டி மின்சாரம் ஓடுவதற்கான பாலம். நாடு கஷ்டத்தில் விழுந்த காலத்திலிருந்து ஊரெல்லாம் நடக்கிற வைத்தியம் இது. எந்த வீட்டிலும் இப்போது செத்த மின்குமிழைக் குப்பையில் போடுவதில்லை.

இளங்கோ கதவைத் திறந்து டிலானியைக் கூப்பிட்டான். துணிக்கடைச் சீருடையோடு வந்து நின்றாள். அழுது முடித்த கண்கள்.

"படிக்கட்டு பல்ப்ப யாரு மாட்டினது தங்கச்சி?"

"அப்பாதான். போன மாசம். புதுசு, பெட்டிய நான்தான் பிரிச்சுக் குடுத்தேன். சோதிலிங்கம் ஐயா, ரிப்பேர் செஞ்ச பல்ப்பெல்லாம் வீட்டுக்குள்ள எடுக்கவே மாட்டாருங்க. வெடிச்சிரும்னு பயம்."

ஆக மேசையில் கிடப்பது அந்த வீட்டு மின்குமிழே இல்லை. எரிகிற புதியதைக் கழற்றிவிட்டு, செத்த பழையதை யாரோ மாட்டியிருக்கிறார்கள். அதற்கு முன்னால்தான் லெட்சுமணன் வெளிச்சத்தைக் கண்டிருக்கிறார்.

இன்ஸ்பெக்டர் தாடையைச் சொறிந்தார். "லெட்சுமணனே மாத்தியிருக்கலாமே."

"மாத்திட்டு, லைட்டு எரிஞ்சுச்சுன்னு அவரே வந்து சொல்லுவாரா சேர்?" என்றான் இளங்கோ. "இருட்டுன்னு காட்டத்தானே மாத்துறது?"

"எனக்கு விளங்குது தம்பி. கோர்ட்டுக்கு விளங்க, மாத்தின ஆள் வேணும்."

*

அக்குறணையில் ஹுதைபாவின் கடை, மாத்தளை வீதியோரத்தில், பாதி மின்குமிழ் ஆஸ்பத்திரி, பாதி சவச்சாலை. இந்தப் பக்கத்தில் செத்த மின்குமிழைத் திருத்த வருகிறவர்கள் பாதிப்பேர் இங்கேதான் வருவார்கள். கம்பிப் பாலம் அவருடைய கைவேலையாக இருந்தால், யாருக்குச் செய்தார் என்று கேட்டுவிடலாம். இளங்கோ கைபேசியில் எடுத்த படத்தை நீட்டினான்.

ஹுதைபா பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "இது நம்மட வேல இல்ல. எந்தக் கடைக்காரன்ட வேலயும் இல்ல."

"எப்படிச் சொல்றீங்க, ஹுதைபா நானா?"

"நாங்க ஒரு சொட்டு ஈயத்த வெச்சிட்டு அடுத்தத எடுப்போம். இழைய உரிச்சு, ரெண்டு முறுக்கு முறுக்கி ஒட்டிக்கொண்டு ஈந்தா எனக்குக் கடைய மூட வேண்டியதுதான். இது வீட்டுல ஆசைக்குச் செய்ற ஆள்ட வேல. நேரம் ஈக்கிற ஆள்."

இளங்கோவின் முகம் விழுந்துவிட்டது. வீட்டில் ஆசைக்குச் செய்கிறவனை எந்தக் கடையில் போய்த் தேடுவது? நாளைக் காலைக்குள் கண்டி மாவட்டத்தையே கதவு தட்ட முடியாது.

றஞ்சனாவோ, மூலையில் குவிந்து கிடந்த செத்த மின்குமிழ்களுக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். பொலிஸ் மேசையில் கிடந்த அதே இனத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

காருக்குள் ஏறியதும் இளங்கோ கேட்டான். "இத வச்சு என்ன மேடம், கொலு வைக்கப் போறோமா?"

"தர்சன் மீட்டர் வைச்சு எல்லாம் செத்துதெண்டு சொன்னவர். நானும் முதல்ல அப்பிடித்தான் நினைச்சன், நீரும் நினைச்சீர். தெரியாமச் சொல்லியிருந்தா அது பிழை. மன்னிக்கலாம்."

"தெரிஞ்சு சொல்லியிருந்தா?"

"அதுதான் கேள்வி. சோதிலிங்கம் நகரசபைக்கு நடையா நடந்தவர். ஏனெண்டு தெரியுமோ? தர்சன் மலையை வெட்டி மூண்டாம் மாடி எழுப்புறார், மண் சரியப்போகுது எண்டு அளந்து சொன்னவர். நகரசபை ஆக்கள் அடுத்த கிழமை வந்து பாக்க இருந்தவை. மாடி இடிபட்டிருக்கும்."

இளங்கோ விசிலடிக்கப் போய் நிறுத்தினான். "இன்ஸ்பெக்டர் போய் வீட்டச் சோதிச்சா என்ன?"

"கேட்டனான். ஒரு பொறியியலாளரின்ரை வீட்டுக்குள்ள என்ரை ஊகத்தை வைச்சு நுழைய ஏலாது எண்டிட்டார். ஆனா வாசல் வரைக்கும் வாறாராம். தர்சனுக்கு என்னைத் தெரியும், அவரைத் தெரியும்." அவர் இளங்கோவைப் பார்த்தார். "உம்மைத் தெரியாது."



*

அம்பிட்டிய ஏற்றத்தில் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. இளங்கோ சட்டைப்பையில் கைபேசியைப் போட்டிருந்தான். அழைப்பு திறந்தே இருந்தது. கீழ் வளைவில் நிறுத்திய காரிலிருந்து றஞ்சனாவும் அஹ்னாப்பும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்பதற்கும் வந்து சேர்வதற்கும் இடையே செங்குத்தான ஏற்றம் ஒன்று இருப்பதை மணியை அழுத்திய பிறகுதான் இளங்கோ யோசித்தான்.

கதவைத் திறந்தவர் நாற்பதைத் தாண்டிய, வீட்டிலும் சட்டையை மடித்து விட்டிருந்த மனிதர். அமைதியான முகம். ஒரு கிழவரைப் படியில் தள்ளிய கை இதுவாக இருக்குமா என்று இளங்கோவுக்குச் சந்தேகம் வந்தது.

"கீழ் வளைவு வீட்டுக்குப் புதுசா வந்திருக்கோம் சேர். இந்தப் பல்ப்பு எரியலை. சேர் நல்லா செஞ்சு குடுப்பீங்கன்னு சந்திக் கடையில பேசிக்கிட்டாங்க."

சந்திக் கடையில் யாரும் அப்படிப் பேசவில்லை. ஆனால் கைவேலை தெரிந்த மனிதனிடம் ஊர் உன்னைப் பற்றிப் பேசுகிறது என்று சொன்னால், அவன் யார் பேசியது என்று கேட்பதில்லை.

தர்சனின் முகம் மலர்ந்தது. "வாரும், வாரும். கொண்டாரும் பாப்பம்."

கூடத்துச் சுவரில் இயேசுவின் திருஇருதயப் படம். அதற்குக் கீழே மெழுகுவர்த்தி. மனைவி தேவாலயத்துக்குப் போயிருப்பதாகச் சொன்னார். வீட்டில் வேறு யாருமில்லை என்பதை அதிலிருந்து இளங்கோ விளங்கிக்கொண்டான். கூடத்தைத் தாண்டி ஒரு சின்ன வேலை அறை. மேசைக்கு மேலே வயரில் தொங்கிய விளக்கு எரிந்தது. அலுமாரித் தட்டில் செத்த மின்குமிழ்கள் வரிசை வரிசையாக, புத்தகம் அடுக்கின மாதிரி இருந்தன.

தர்சன் மூடியை ஒரு முறுக்கில் திறந்தார். இளங்கோ இடுப்புப் பையிலிருந்து மீட்டரை எடுத்து நீட்டினான்.

"என்கிட்ட மீட்டர் இருக்கு சேர். ஒவ்வொண்ணா வச்சுப் பாத்துருவோமா?"

"அதை வையும்." தர்சன் சிரித்தார். "இதுக்கு மீட்டர் சரிவராது. எல்லாரும் விடுற பிழை அது. ஒவ்வொண்டுக்குள்ளயும் மூண்டு அடுக்கா இருக்கு. மீட்டரை வைச்சா நல்லதும் செத்ததெண்டுதான் காட்டும்."

சட்டைப்பைக்குள் கைபேசி சுடுவது போலிருந்தது. கீழே காருக்குள் இரண்டு பேர் மூச்சைப் பிடித்திருப்பார்கள் என்று இளங்கோவுக்குத் தெரியும். அவனும் பிடித்துத்தான் இருந்தான்.

"அப்படிங்களா சேர். நான் இத்தனை நாளா வேஸ்ட்டா தூக்கிப் போட்டிருக்கேன்."

"எறியவே கூடாது. ஒரு சாமானையும் எறியக் கூடாது."

அவர் மேசை லாச்சியை இழுத்து, எல்.ஈ.டி சோதிக்கும் சிறிய பெட்டியொன்றை எடுத்து, அதன் இரண்டு ஊசி முனைகளால் தட்டைத் தொட்டுக்கொண்டே போனார். ஒன்று, அடுத்தது, அதற்கடுத்தது என்று கட்டங்கள் பளிச் பளிச்சென்று எரிந்தன. எரியாத ஒன்றில் நின்றார். அதைப் பெயர்த்தார். ஒரு வயரை உரித்து, ஒற்றைச் செப்பு இழையை உருவி, இரண்டு முறை முறுக்கினார். இளங்கோ அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். படத்தில் கண்ட அதே முறுக்கு.

"எந்த வீடெண்டு சொன்னீர்?" பற்றவைத்தபடியே தர்சன் கேட்டார்.

"கீழ் வளைவு."

"கீழ் வளைவில வாடகைக்கு வீடு இல்லையே."

அறைக்குள் ஈயம் உருகும் புகை மணந்தது.

"பின்பக்கத்து அறை சேர். வீடுன்னு சொல்லிக்கிறது ஒரு கௌரவத்துக்குத்தான்."

தர்சன் அவனை நிமிர்ந்து பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டு, செய்து முடித்த மின்குமிழை மூடினார். வேலை சரியா என்று பார்க்கிற ஆசை சந்தேகத்தை வென்றுவிட்டது. மேசைக்கு மேலே தொங்கிய விளக்கை அணைத்து, அதிலிருந்த மின்குமிழைக் கழற்றி இளங்கோவுக்கு முன்னால் வைத்தார். அந்த இடத்தில் புதிதாகச் செய்ததை மாட்டி, ஆளியைப் போட்டார். வெளிச்சம் அறையை நிறைத்தது.

"பாத்தீரே?"

இளங்கோ மேலே பார்க்கவில்லை. கழற்றி வைத்த மின்குமிழைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதன் வெள்ளைக் கழுத்தில் காய்ந்த சந்தனத் தீற்று. நடுவில் ஒரு குங்குமப் பொட்டு.

தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கு அது என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆயுத பூசையன்று மண்வெட்டிக்கு, கவ்வாத்துக் கத்திக்கு, லொறிக்கு, காஸ் அடுப்புக்கு எல்லாம் பொட்டு விழும். இளங்கோவின் அப்பா தொலைக்காட்சி ரிமோட்டைக்கூட விட்டுவைக்க மாட்டார். சில பேருக்கு வருஷத்தில் ஒருநாள் போதாது. வீட்டுக்குப் புதுச் சாமான் எது வந்தாலும் பொட்டு வைத்துக் கும்பிட்ட பிறகுதான் தொடுவார்கள். படிக்கட்டுக்குப் புது மின்குமிழை மாட்டிய லெட்சுமணன் அந்த ரகமென்று இளங்கோவுக்கு அந்த நொடியில் தெரிந்துவிட்டது. அந்த மனுசன் எங்கோ ஓர் அறையில் பூட்டிக் கிடக்கிறார்.

"சேர்" என்றான் மெதுவாக. "நீங்க வேதக்காரங்க. உங்க வீட்டு பல்ப்புக்கு யாரு பொட்டு வச்சது?"

"என்ன பொட்டு?"

தர்சன் குனிந்தார். அவர் அதை இதுவரை காணவே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. அவசரத்தில் கழற்றி, அவசரத்தில் மறைத்து, பிறகு சாவகாசமாக மாட்டிக்கொண்டவர் கழுத்தை எதற்குப் பார்ப்பார்?

"கடையில ஏதும் பட்டிருக்கும்" என்றார். பெருவிரல் பொட்டை நோக்கி நகர்ந்தது.

இளங்கோ அந்த மணிக்கட்டைப் பிடித்தான். தர்சன் உதறினார். கதிரை சாய்ந்தது, பற்றவைக்கும் ஊசி உருண்டு விழுந்தது. இளங்கோ மற்றக் கையால் மின்குமிழை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பிடித்த பிடியை விடவில்லை. "அத மட்டும் அழிக்க விடமாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். எத்தனை தரம் சொன்னான் என்று அவனுக்கே தெரியாது. வாசலில் சப்பாத்துச் சத்தம் கேட்ட பிறகுதான் நிறுத்தினான்.

அஹ்னாப் மூச்சிரைக்க வந்து, தர்சனின் தோளில் கை வைத்தார். பின்னால் வந்த றஞ்சனா மேசையையும், ஊசி முனைப் பெட்டியையும், இளங்கோவின் நெஞ்சிலிருந்ததையும் பார்த்தார்.

"மிஸ்டர் தர்சன்" என்றார் அஹ்னாப், "அந்தப் பல்ப்பு எந்த வீட்டுது?"

தர்சன் சாய்ந்த கதிரையை நிமிர்த்தி, அதில் உட்கார்ந்தார்.

"புதுப் பல்ப்பு" என்றார். "நல்லா எரியிற பல்ப்பு. எறிய மனம் வரேல்லை."

இளங்கோவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. எரிகிற விளக்கை எறிய மனம் வராதவருக்கு, பக்கத்து வீட்டுக் கிழவரைத் தள்ளிவிட மனம் வந்திருக்கிறது. ஒரு அப்பாவியை அதற்காக உள்ளே அனுப்பவும் வந்திருக்கிறது. அவன் மின்குமிழை இன்ஸ்பெக்டரின் கையில் கொடுத்துவிட்டு வெளியே போனான்.

மழை தொடங்கியிருந்தது. றஞ்சனா அவனுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"டிலானிக்கு நீரே சொல்லும்."

அவன் எண்ணை அழுத்தினான். முதல் மணியிலேயே எடுத்தாள். என்ன சேதியோ என்ற பயம். இளங்கோ நக்கலாக ஏதாவது சொல்லப் பார்த்தான். வரவில்லை.

"தங்கச்சி" என்றான். "நாளைக்கு கடைக்கு லீவு போடுங்க. சோறு ஆக்குறப்ப அப்பாவுக்கும் சேத்து ஆக்குங்க."